கோழி ரெக்கை வறுவல்: செய்முறையில் திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இனிப்பும் காரமுமாகப் பாகு பூசிய சிக்கன் விங்ஸ் செய்முறை வந்திருந்தது. படம் பளபளவென்று நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தபடி செய்தால் அந்தப் பளபளப்பு வராது. தோல் நீக்கிய ரெக்கை அரை கிலோ, தேன், சோயா சாஸ், மிளகாய்த்தூள் எல்லாம் 'தேவையான அளவு', அனைத்தையும் ஒன்றாகப் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் காய்ந்த எண்ணெயில் பொரித்தெடுக்கவும் என்று முடிந்துவிட்டது குறிப்பு. தேன் தடவிய கறி காய்ந்த எண்ணெயில் விழுந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே கருகும், எலும்போரம் பச்சையாகவே நிற்கும், எண்ணெயும் கறுத்துப்போய் மறுபடி உதவாது. அடுத்த ஞாயிறும் இதே அயிட்டத்தை யாராவது செய்து பார்ப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

கோளாறு ஒரே இடத்தில்தான். கறியை வேகவைப்பது ஒரு வேலை, பாகு பூசுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சட்டியில், ஒரே நேரத்தில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். தேனில் இருக்கும் பழச்சர்க்கரை 110 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பொரிக்கிற எண்ணெயோ 170, 180 டிகிரியில் நிற்கிறது. அதனால் இனிப்பு எதுவானாலும், தேனோ வெல்லமோ சர்க்கரையோ, கறி முழுக்க வெந்து தோல் மொறுமொறுப்பான பிறகுதான் கிட்டவே வரவேண்டும்.

முதலில் கறிக்கடை. நம் பக்கத்தில் கோழி என்றாலே தோல் உரித்துத்தான். இறகோடு சேர்த்துத் தோலைச் சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் எடுத்துவிடுவது கடைக்காரருக்குச் சுலபம். தோலோடு வேண்டுமென்றால் கோழியை வெந்நீரில் முக்கி, முடி எடுக்கும் மெஷினில் சுற்றி, மிச்சம் நிற்கும் இறகுக் குருத்தைத் தீயில் வாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். சனிக்கிழமை சாயங்காலமே, "பாய், நாளைக்கு ரெக்கை மட்டும் ஒரு கிலோ எடுத்து வைங்க, தோல் உரிச்சிடாதீங்க" என்று சொல்லிவைத்தால் வேலை முடிந்தது. இரண்டு கிலோ எடையுள்ள பிராய்லரில் ஒரு ரெக்கை 80, 90 கிராம் தேறும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ரெக்கை, அதாவது ஆறு கோழி. சின்னக் கடையில் திடீரென்று கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, ரெக்கையின் மேல்துண்டுதான் சிக்கன் லாலிபாப் ஆகிறது. பாஸ்ட் புட் கடைக்காரர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். புரட்டாசியில் மட்டும் கேட்ட அளவு கிடைக்கும்.

தோல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரெக்கையில் கறி கொஞ்சம்தான். உருகுகிற கொழுப்பும், வெந்தால் பிசுபிசுவென்று இளகுகிற பசையும் தோலிலும் தோலையொட்டிய சவ்விலும்தான் இருக்கின்றன. தோலை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் கறி காய்ந்து நாராகிவிடும், பாகு பிடிக்கவும் இடமிருக்காது. தோல் இல்லாத ரெக்கைதான் கிடைத்தது என்றால் அதை மிளகுக் குழம்புக்கு வைத்துக்கொள்வதே மேல்.

வீட்டுக்கு வந்ததும் தோலைத் தடவிப் பார்க்கவும். முள்போல ஏதாவது நெருடினால் இடுக்கியில் பிடித்துக் கேஸ் தீயில் இரண்டு வினாடி காட்டினால் பொசுங்கிவிடும். ரெக்கையில் மூன்று கணு. உடம்போடு ஒட்டிய தடித்த துண்டு, இரண்டு மெல்லிய எலும்பு உள்ள நடுத்துண்டு, வெறும் தோலும் குருத்தெலும்புமான நுனி. விரித்துப் பிடித்துக்கொண்டு மூட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு குழி தட்டுப்படும். கத்தி அந்தக் குழியில் இறங்கினால் அழுத்தமே தேவையில்லை, தானாகப் பிரியும். கத்தி முட்டி நின்றால் எலும்பில் இருக்கிறது என்று அர்த்தம், ஒரு நூல் தள்ளி வைக்கவும். கடையில் கட்டைமேல் வைத்துப் போடச் சொன்னால் எலும்பு நொறுங்கிச் சில்லு சில்லாக வாயில் குத்தும், அதனால் முழு ரெக்கையாக வாங்கி வீட்டில் பிரிப்பதே நல்லது. நுனிகளைத் தூக்கிப்போட வேண்டாம், சூப்புக்கோ சால்னாவுக்கோ அதைவிட நல்ல எலும்பு கிடையாது.

கழுவுவதை நிறுத்துங்கள் என்று யாரிடமும் சொல்லிப் பலனில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே காட்டினால் பச்சைக் கறித் தண்ணீர் பக்கத்தில் காயப்போட்ட தட்டு, டம்ளர் எல்லாவற்றின்மேலும் தெறிக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசி எடுப்பது போதும். வழக்கமாகப் போடும் மஞ்சள்தூளை இந்த ஒரு அயிட்டத்துக்கு மட்டும் விட்டுவிடவும். அடுத்து நாம் போடப்போகும் பேக்கிங் பவுடரில் காரத்தன்மை உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆலம் கரைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே. அதே காரணத்தால் தோலில் அங்கங்கே செம்பழுப்புத் திட்டு விழக்கூடும்.

இனி, மொத்தச் சமையலிலும் எல்லோரும் தாண்டிப்போகிற இடம்: தோலைக் காயவைப்பது. ஈரம் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் ஆவியாகி முடிந்த பிறகுதான் தோல் சிவக்கவே ஆரம்பிக்கும். அதற்குள் உள்ளே கறி வெந்து வறண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் சுத்தமான பருத்தித் துணியில் ஒற்றி எடுக்கவும், மடிப்புக்குள்ளேயும் கூட. ஒரு கிலோவுக்குப் பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி, தூள் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி கலந்து, தூவித் தூவிப் புரட்டவும். ஒரே இடத்தில் கொட்டினால் அந்தத் துண்டு மட்டும் கசக்கும். பேக்கிங் பவுடர் தோலின் புரதத்தைத் தளர்த்திச் சீக்கிரம் சிவக்கவைக்கிறது. தோலின் ஈரத்தோடு சேர்ந்து நுண்ணிய குமிழிகளையும் கிளப்புகிறது, அந்தக் குமிழிகள்தான் கடிக்கும்போது மொறுக்கென்று உடைகின்றன. ஆப்ப சோடாவை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. அது மூன்று நான்கு மடங்கு வீரியமானது, சோப்பு வாசனை வந்துவிடும்.

பிறகு கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, கீழே ஒரு தாம்பாளம் வைத்து, மூடாமல் பிரிட்ஜில் எட்டு மணி நேரம் வைக்கவும். ஒரு முழு நாள் இருந்தாலும் கெடாது. பிரிட்ஜின் கடைசித் தட்டில்தான் வைக்க வேண்டும், மல்லிகைச் சரத்துக்கும் தயிர்ச் சட்டிக்கும் மேலே வைத்தால் ஒரு சொட்டு ஒழுகினாலும் வம்பு. எடுக்கும்போது தோல் காகிதம்போல வறண்டு, லேசாக உள்ளே இருக்கும் கறி தெரிகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்குவம் வரவில்லையென்றால் இன்னும் இரண்டு மணி நேரம் விடவும். சமையலறை மேடையில் ஊறவைக்கிற பழக்கம் வேலூர் வெயிலுக்கு ஆகாது. 32 டிகிரிக்கு மேல் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது, கத்திரியில் நம் அடுப்படி அதைக் காலை ஒன்பது மணிக்கே தாண்டிவிடுகிறது.

ஓடிஜி, அதாவது மேடைமேல் வைக்கிற கரண்ட் ஓவன், இருக்கிறவர்களுக்கு: மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 120 டிகிரிக்குச் சூடேற்றி, கீழ்த்தட்டில் 30 நிமிடம். இந்த நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரிதான் தெரியும், நிறம் மாறாது, ஆனால் தோலடிக் கொழுப்பு உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். பிறகு மேல்தட்டுக்கு மாற்றி 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். 25ஆவது நிமிடத்தில் துண்டுகளைத் திருப்பிப்போட்டுத் தட்டையும் முன்பின் மாற்றவும், பெரும்பாலான ஓடிஜியில் பின்பக்கம் சூடு அதிகம். ஒரு கிலோவையும் ஒரே தட்டில் நெருக்கினால் வறுபடாது, ஆவியில் வேகும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும், இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடவும். ஏர் பிரையரில் அரை கிலோ ஒரு ஈடு, 190 டிகிரியில் 20 நிமிடம், நடுவில் ஒரு திருப்பல், கடைசியில் 200இல் நான்கு நிமிடம்.

எண்ணெயில் பொரிப்பதானால் பேக்கிங் பவுடர் வேண்டாம். அதே உப்பு, மிளகோடு கார்ன்பிளவர் நான்கு மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி போட்டு உலர்ந்த பூச்சாகப் புரட்டி, ஒட்டாத மாவை உதறிவிடவும். இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதல் தடவை 150, 160 டிகிரியில் எட்டு ஒன்பது நிமிடம், வெளிர் நிறத்திலேயே எடுத்துக் கம்பித் தட்டில் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேல்தோலுக்கு வந்து நிற்கும். இரண்டாம் தடவை 185, 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் அந்த ஈரம் விரட்டப்பட்டுத் தோல் இறுகும். வெப்பமானி இல்லாவிட்டால் மரக்கரண்டிக் காம்பை எண்ணெயில் நிறுத்திப் பார்க்கலாம். காம்பைச் சுற்றிக் குமிழி மெதுவாக வந்தால் முதல் சூடு, சலசலவென்று பொங்கினால் இரண்டாம் சூடு. மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) விளைகிற சீமையில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்மேல் எல்லோருக்கும் ஒரு பிடிப்பு உண்டு. தாளிப்புக்கும் பொரியலுக்கும் சரிதான். ஆனால் அது 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும். இந்த இரண்டாம் பொரிப்புக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய்தான் தாங்கும்.

ஓவனும் வேண்டாம், ஒரு சட்டி எண்ணெயும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இட்லிக் குண்டான் இருக்கிறது. துண்டுகளைத் தட்டில் பரப்பிப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைத்தால் கொழுப்பில் பெரும்பங்கு உருகிக் கீழே தண்ணீரில் இறங்கிவிடும். எடுத்து ஆறவைத்து, ஈரம் ஒற்றி, உப்பும் மிளகும் தூவி ஒரு மணி நேரம் பிரிட்ஜில் உலர்த்தி, தோசைக்கல்லில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நடுத்தரத் தீயில் பன்னிரண்டு நிமிடம், நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட வேண்டும். ஓவனில் வருகிற குமிழித் தோல் வராது. ஆனாலும் மாவு போட்டுப் பொரித்ததைவிட இதுவே மேல் என்பது என் அபிப்பிராயம்.

வெந்துவிட்டதா என்பதில் பலருக்குக் குழப்பம். கோழிக்கறி 74 டிகிரியைத் தொட்டால் பாதுகாப்பானது. ஆனால் ரெக்கைக்கு அது போதாது, 85ஐ ஒட்டிப் போனால்தான் மூட்டைச் சுற்றிய சவ்வு இளகி எலும்பைத் திருகினால் சுழலும். எலும்போரம் சிவப்பாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப வேகவைக்கிறார்கள். இப்போது வருகிற பிராய்லர் ஐந்து ஆறு வாரக் குஞ்சு. எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் கசிந்து கறியில் ஏறிவிடும். கறி வெள்ளையாக, வடிகிற நீர் தெளிவாக இருந்தால் அந்தச் சிவப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பாகுக்கு வருவோம். மிளகாய்த்தூளில் செய்கிற பாகு மணல்மாதிரி நாக்கில் நெருடும், அடுப்பில் சீக்கிரம் கருகும். ஆம்பூர் பிரியாணிக்கு வரமிளகாயை ஊறவைத்து அரைக்கிறார்களே, அந்த முறைதான் இதற்குப் பொருத்தம். குண்டூர் மிளகாய் எட்டு, நிறத்துக்குக் காஷ்மீரி அல்லது பியாடகி எட்டு, காம்பும் விதையும் எடுத்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆறு பல் பூண்டோடு வெண்ணெய்போல அரைக்கவும். விதை இருந்தால் காரம் கூடும் என்பது பாதி உண்மைதான். காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். விதை சேர்ந்தால் பாகில் புள்ளி விழும், கசக்கும், அவ்வளவுதான்.

அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுக்கவும். அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அதில் மிளகாய் விழுதைப் போட்டுச் சின்னத் தீயில் ஐந்தாறு நிமிடம், பச்சை வாசனை போய் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். மிளகாயின் காரமும் நிறமும் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. இந்தக் கட்டத்தில்தான் இரண்டும் இறங்குகின்றன. இதைத் தாண்டி வெல்லம் போட்டுவிட்டால் பிறகு வதக்க முடியாது, அடிப்பிடித்துக் கரியாகும். பச்சை வாசனையும் கடைசிவரை போகாது. பலருடைய பாகில் எதோ குறைகிறதே என்று தோன்றுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இந்த வரிசை தப்பியதுதான்.

தனியாக 120 கிராம் வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்டிக்கொள்ளவும். மண்டியில் வாங்குகிற எந்த வெல்லத்திலும் கொஞ்சம் மண்ணும் சக்கையும் இருக்கும், வடிகட்டாவிட்டால் பல்லில் கடிபடும். பளீரென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் வேண்டாம். வெளுக்கவைக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டதாக இருக்கலாம், பழுப்பு வெல்லத்தின் மணமும் அதில் இருக்காது. கரைசலை வதங்கிய விழுதில் ஊற்றி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கொதிக்கவிடவும். வினிகர் பிடிக்காதவர்கள் நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றலாம், நிறம் கொஞ்சம் கறுக்கும், சுவை நம் நாக்குக்கு நெருக்கமாக வரும். உப்பை மட்டும் இப்போது போடாதீர்கள். சோயா சாஸில் உப்பு, தோலில் உப்பு, சில வெல்லத்திலேயே கரிப்பு. எல்லாம் சுண்டிய பிறகு ருசி பார்த்தால் பெரும்பாலும் போடவே வேண்டியிருக்காது.

பதம்தான் இதில் உயிர். நடுத்தரத் தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம் கொதித்தால் குமிழிகள் சின்னச் சின்னதாக இருந்தது மாறிப் பெரிதாகி, சோம்பலாக உடையும். அப்போது ஒரு எவர்சில்வர் தட்டில் சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் நடுவே கோடு போடவும். கோடு உடனே மூடிக்கொண்டால் பதம் வரவில்லை. இரண்டு மூன்று வினாடி நின்று மெதுவாக மூடினால் சரி. விரலில் தொட்டு இழுத்தால் கம்பி வர எத்தனிக்கிற, ஆனால் வந்து நிற்காத கட்டம் அது, வெப்பமானியில் 104, 105 டிகிரி. ஒரு கம்பிப் பதத்தைத் தாண்டி உருட்டுப் பதத்துக்குப் போய்விட்டால் ஆறியதும் கடலை மிட்டாய் பாகுதான், ரெக்கையைப் பல்லால் உடைக்க வேண்டிவரும். தாண்டிவிட்டது என்று தெரிந்த உடனே அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றிக் கலக்கினால் இறங்கிவரும். வெண்ணெய் பிரிந்து மேலே மிதந்தாலும் இதே வைத்தியம்தான்.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேன் ஒரு மேசைக்கரண்டி. ஜவ்வாது மலைத் தேன் கிடைத்தால் அதைக் கொதிக்கவைப்பது வீண், வாசனை ஆவியோடு போய்விடும். தேனுக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. வெறும் வெல்லப் பாகு ஆறினால் பூத்துச் சொரசொரப்பாகிவிடும், தேனும் புளிப்பும் அப்படிப் பூக்கவிடாது. கொரியாக்காரர்கள் செய்யும் யாங்னியோம் கோழி ஆறிய பிறகும் மினுமினுக்கிறது என்றால், அவர்கள் சேர்க்கும் மாவுச்சத்துப் பாகு உறையாது என்பதுதான் அதன் சூட்சுமம். கார்ன்பிளவரைக் கரைத்து ஊற்றுவதும் மினுமினுப்பு தரும். ஆனால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் பாகு களியாகித் தோலை ஊறவைத்துவிடும். சரியாகச் சுண்டிய பாகுக்கு அது தேவையே இல்லை.

இடையில் ஒரு விஷயம். இணையத்தில் பஃபலோ விங்ஸ் என்று தேடி அந்தச் செய்முறையை எடுத்துக்கொண்டு, இனிப்பே இல்லையே என்று சிலர் திகைக்கிறார்கள். 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆங்கர் பாரில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்த அயிட்டம் மிளகாய்ச் சாஸும் வெண்ணெயும் மட்டும், புளிப்பும் காரமும்தான். நாம் பேசிக்கொண்டிருப்பது வேறு வகை.

மேலே சொன்ன அளவுக்குப் பாகு ஒரு டம்ளர் வரும், சுமார் 200 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோ ரெக்கைக்கு முக்கால் டம்ளர் போதும். மிச்சத்தைத் தொட்டுக்கொள்ள வைக்கலாம். மொத்தத்தையும் ஊற்றினால் அடியில் தேங்கி, கீழே இருக்கும் துண்டுகள் நனைந்துபோகும். கலக்கும்போது ரெக்கை அடுப்பிலிருந்து வந்த சூட்டில் இருக்க வேண்டும், பாகு கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ரெக்கை ஆறியிருந்தால் பாகு திட்டுத் திட்டாக ஒட்டும். பாகு கொதித்துக்கொண்டிருந்தால் தண்ணீராக ஓடிவிடும். அகலமான பேசினில் ரெக்கையைப் போட்டு, பாகை ஓரமாகச் சுற்றி ஊற்றி, பேசினையே தூக்கித் தூக்கிப் போட்டுப் புரட்டவும். கரண்டியால் கிளறினால் தோல் கிழியும். ஓவன் இருந்தால் பூசியதைத் திரும்பக் கம்பித் தட்டில் வைத்து 200 டிகிரியில் மூன்று நிமிடம், இன்னொரு பூச்சு, மறுபடி மூன்று நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடம் போனாலும் ஓரம் கறுக்கும், பக்கத்திலேயே நிற்கவும். வறுத்த எள் ஒரு தேக்கரண்டி தூவலாம். வெங்காயத்தாள் விருப்பம்.

சிவப்புக் கலர்ப் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. பியாடகி போட்டுக் கொழுப்பில் வதக்கிய பாகுக்கு அது தேவையே படாது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கோழிக் கபாபுக்குச் செயற்கை நிறம் போடத் தடையே விதித்தார்கள். இங்கே தள்ளுவண்டிச் சிக்கன் பக்கோடாவின் நிறத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் வீட்டிலும் அதையே கேட்பார்கள், கொடுக்க வேண்டாம்.

பூசியதும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தட்டுக்குப் போய்விட வேண்டும். மூடி போட்டால், ஹாட் பாக்ஸில் வைத்தால், ஆவி தோலில் படிந்து இவ்வளவு நேரம் பட்ட பாடு வீணாகும். விருந்தாளி வருகிற நேரம் சொல்ல முடியாது என்றால் ரெக்கையை மொறுமொறுப்பாக்கி வெறும் கம்பித் தட்டிலேயே விட்டுவைத்து, அவர்கள் செருப்பைக் கழற்றும்போது ஐந்து நிமிடம் சூடாக்கிப் பாகில் புரட்டுவதே வழி. தொட்டுக்கொள்ளத் தயிர் வெங்காயப் பச்சடி நன்றாகப் பொருந்தும். பால் புரதம் காரத்தைப் பிடித்திழுத்துக்கொள்வதால் நாக்கு ஆறும், தண்ணீர் குடித்தால் ஆறாது.

மிஞ்சிப்போனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாகு பூசாத ரெக்கை மூடிய டப்பாவில் பிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். 190 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்தால் தோல் திரும்ப மொறுமொறுக்கும். பாகு பூசியதை 160க்கு மேல் ஏற்ற முடியாது, கருகும். சூடாகுமே தவிர மொறுமொறுப்பு வராது. மைக்ரோவேவில் இரண்டுமே ரப்பர்தான். ஆகவே சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் புரட்டிவிட்டு மிச்சப் பாகைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைக்கவும். பச்சைக் கறி தொட்ட கரண்டியை அதில் விடாமலிருந்தால் பத்து நாள் தாங்கும், எடுக்கும்போது கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.